பறிக்கக் கூடாத புளிச்சை

தண்ணீர் ஊற்ற மறந்து செடியைக் கொல்பவர்கள் உண்டு, ஊற்றி ஊற்றியே கொல்பவர்களும் உண்டு. இவர்களை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத ரகம் ஒன்று இருக்கிறது: தின்பதற்கென்றே ஒன்றை வளர்த்துவிட்டு, யாரையும் தின்னவிடாத ரகம். அடையாளம் வேண்டுமா? மொட்டைமாடியில் அவர் செடிப்பக்கம் லேசாகக் கையை நீட்டுங்கள். "பாத்து, பாத்து!" என்று கீழ்வீட்டிலிருந்தே குரல் வரும்.

நம் ஆள் ஓய்வுபெற்ற சர்வேயர். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து தீர்த்தவர், அளக்க வேறொன்றும் இல்லாமல்போகவே சிவப்புப் புளிச்சை விதை வாங்கினார். இலையும் புளிக்கும், பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவப்பு மடலும் புளிக்கும், மொறுமொறுப்பாக இருக்கும்போதே பறியுங்கள், பறிக்கப் பறிக்கப் பூக்கும் என்று விதை உறையிலேயே அச்சடித்திருந்தது. அந்த வரியை மட்டும் அவர் படிக்கவில்லை. மற்றபடி விதைகளை ராத்திரி முழுக்க ஊறவைத்தார், வீட்டம்மா தண்ணீர் குடிக்கும் டம்ளரில். வெயில் ஏறினால் சாக்கு நிழல், காற்றடித்தால் முட்டுக்குச்சி, மாவுப்பூச்சி வந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ், சாயங்காலமானால் அளவு நாடா. வெளியூரிலிருந்து மகன் போன் செய்து, "அம்மா எப்படிப்பா இருக்காங்க?" என்று கேட்டால், "மார்பு உயரம் வந்தாச்சு!" என்பார்.

அம்மாவோ காய்ச்சலில் கிடந்தார். காய்ச்சல் விட்ட பிறகும் வாய்க்கசப்பு விடவில்லை. சோறு மண்ணாக இருந்தது, பால் குமட்டியது. ஒரு காலையில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்லப் படியேறி மாடிக்கு வந்தார். சிவப்புத் தண்டும் சிவப்பு மடலுமாகச் செடிகள் ஜொலித்தன. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"ஏங்க, அதுல நாலு பறிச்சுக் குடுங்களேன். உப்பு தொட்டுத் தின்னா நாக்குக்கு உயிர் வரும்."

"இப்பவா? இப்பதான் நிறமே ஏறுது. இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்."

"இலையாவது?"

"இலையைக் கிள்ளினா செடி ஏங்கிப்போயிடும்."

"நான் ஏங்கிப்போனா பரவாயில்லையா?"

சர்வேயருக்கு மனைவிமேல் பிரியமில்லை என்று சொன்னால் பொய். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தவர் அவர்தான். ஆனால் பறித்த இடம் மொட்டையாகத் தெரியுமே! விறுவிறுவென்று கடைக்குப் போய் புளிப்பு மிட்டாய் வாங்கிவந்து நீட்டினார்.

வீட்டம்மா மிட்டாயைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். தம்பிக்குப் போன் போட்டார்.

மறுநாள் தம்பி வந்து, உடம்பு தேறும்வரை இருக்கட்டும் என்று அக்காவை அழைத்துப்போனான். தடுக்கவேண்டும் என்று சர்வேயருக்குத் தோன்றியது. இனிமேல் செடிக்குப் பயமில்லை என்றும் தோன்றியது. இரண்டாவது எண்ணத்துக்கு அவர் வெட்கப்படக்கூட இல்லை.

மடல்கள் பெருத்தன, கறுத்துச் சிவந்தன, இறுகின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஆபீஸ் நண்பர்களைக் கூப்பிட்டார். புதுக் கத்தரிக்கோல், வெள்ளைத் துணி விரித்த மேஜை, வரிசையாகப் போட்டோ. கத்தரிக்கோல் பாதியில் சிக்கியது. முறுக்கித்தான் பிய்க்க வேண்டியிருந்தது. பழைய மேலதிகாரி ஒன்றை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். "பிரமாதம்" என்றபடி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அதே ஆபீஸில் நில வரைபடம் வரைந்துகொண்டிருந்த நண்பருக்கு அவ்வளவு நாகரிகம் போதாது.

"என்னய்யா இது, கயிறு திரிக்கலாம் போலிருக்கே!"

எல்லோரும் போனபின் சர்வேயர் மனைவிக்குப் போன் செய்தார்.

"எல்லாம் நாராப் போச்சு."

"இங்க தம்பி வீட்டு ஜன்னலோரம் இதே செடி ஒண்ணு நிக்குது. பேர்கூடத் தெரியாம வளத்திருக்கான். தினம் பறிக்கிறோம், தினம் பூக்குது."

"சாப்பாடு இறங்குதா?"

"நல்லா இறங்குது."

"எப்ப வர்ற?"

"நான் வந்து என்ன பண்ணப்போறேன்? உங்களுக்குத்தான் செடி துணைக்கு இருக்கே."

அன்றிரவு சர்வேயருக்கு வீடு முதல்முறையாகப் பெரிதாகத் தெரிந்தது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தார். வீட்டம்மா ஜன்னலோரம்தான் நின்றிருந்தார். கன்னத்தில் சதை கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒரு மடலைப் படக்கென்று ஒடித்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

சர்வேயருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு திருத்தமான மடல்! பிறகு கைக்குட்டையில் பதமாகச் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"தின்னத்தானே குடுத்தேன்?"

"பத்திரமா வெச்சிருந்து..."

வீட்டம்மா அவர் பையில் கைவிட்டு எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே நறுக்கென்று கடித்துத் தின்றார். சாயங்கால பஸ்ஸில் சர்வேயர் தனியாகத்தான் திரும்பினார்.

பாவம் என்கிறீர்களா? சிரிப்பு வருகிறதா? சரி, எழுந்துபோய் உங்கள் பீரோவைத் திறவுங்கள். நல்ல நாளுக்கென்று மடித்து வைத்த சட்டை ஒன்று, விலைச்சீட்டுகூடப் பிய்க்காமல், அடியில் கிடக்கும். எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

பொத்தான் எட்டுகிறதா?