வெள்ளையாய்ப் போன கடல்

நன்றாக இருக்கும் பொருளைத் திருத்திப் பழுதாக்கும் திறமை எனக்குப் பிறவியிலேயே உண்டு. எங்கள் வீட்டு ரேடியோ கரகரத்தபடியாவது பாடிக்கொண்டிருந்தது. நான் திறந்து பார்த்த பிறகு மௌன விரதம் பூண்டது. மாமாவின் சைக்கிள் டைனமோவுக்கு நான் செய்த வைத்தியத்துக்குப் பிறகு, அவர் கடைசிவரை கையில் டோர்ச் பிடித்துக்கொண்டுதான் சைக்கிள் ஓடினார். இவையெல்லாம் சின்ன வயதுக் கூத்துகள், மன்னிக்கலாம். ஆனால் இருபத்தேழு வயதில், பெண் கேட்டுப் போன வீட்டிலேயே போய் இதைச் செய்தேன் என்று சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

சண்டை நின்றிருந்த சமாதான காலம். பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்களெல்லாம் பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு ஊருக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஊர்காவற்றுறையில் எங்கள் கரையோரத்துக்கு அப்போது என்னை விட்டால் கொம்பியூட்டர் தெரிந்த ஆள் கிடையாது. யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கோர்ஸ் முடித்திருந்தேன். ஒரு கொம்பியூட்டரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று படித்த கோர்ஸ் அது. நான் எப்போதும் பிந்திப் போகிறவன். ஆகவே கீபோர்டை விட, முன்னால் நின்றவர்களின் பிடரிகளைத்தான் ஆழமாகப் படித்தேன். (இப்போதும் ஒருவரின் பிடரியைப் பார்த்தே என்னோடு படித்தவரா என்று சொல்லிவிடுவேன்.)

அந்தச் சான்றிதழை வைத்துத்தான் அம்மா எனக்குப் பெண் கேட்டாள். பெண், நாலு வீடு தள்ளியிருந்த சவிரி ஐயாவின் மகள் ஜெசிந்தா. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அவளில் ஒரு கண். அவளுக்கு என்னில் ஒரு கண்ணும் இருந்ததாகத் தெரியவில்லை. சவிரி ஐயா நாற்பது வருசமாகக் கடலுக்குப் போகிறவர். வலை தெரியாத மருமகனை என்ன செய்வது என்று அவருக்கு யோசனை. "றெஜி வரட்டும், கதைப்பம்" என்று விட்டார். றெஜி அண்ணை அவருடைய மூத்த மகன், ஜெர்மனியில் இருப்பவர்.

றெஜி அண்ணை கோயில் திருவிழாவுக்கு வந்தார். கூடவே ஒரு லப்டொப்பும் வந்தது. அதுதான் எங்கள் கரைக்கு வந்த முதல் லப்டொப். தகப்பனுக்குப் பொழுதுபோக அதில் தன்னுடைய பழைய விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். பாய்க்கப்பலில் சரக்கேற்றிக்கொண்டு ஜெர்மனியிலிருந்து துறைமுகம் துறைமுகமாகப் போகிற விளையாட்டு. விளையாட்டோ பழசு, லப்டொப்போ புதுசு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

போனேன். சவிரி ஐயா கதிரையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். திரையில் கடல் ரத்தச் சிவப்பாகக் கிடந்தது. வானம் பச்சை. கப்பல் கோடு கோடாகக் கிழிந்து நின்றது.

"தம்பி, நீர் படிச்சனீரெல்லோ. ஒருக்காப் பாரும்" என்றார் றெஜி அண்ணை.

"சின்னப் பிரச்சினைதான் அண்ணை" என்றேன். என்ன பிரச்சினையென்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் கோர்ஸ் மாஸ்டர் எதைப் பார்த்தாலும் முதலில் அப்படித்தான் சொல்லுவார்.

விளையாட்டின் சின்னப் படத்தில் மவுஸின் வலது பக்கப் பொத்தானை அமத்தினேன். ஒரு பெட்டி திறந்தது. அதில் பழைய விண்டோஸ் போல நடிக்கச் சொல்ல ஓரிடம், நிறங்களை 256 ஆகக் குறைக்க ஓரிடம். இரண்டிலும் சரி போட்டேன். காரணம் வேறொன்றுமில்லை, அந்தப் பெட்டியில் சரி போடக்கூடிய இடங்கள் அவைதான் கண்ணில் பட்டன. விளையாட்டைத் திரும்பத் திறந்தால், கடல் நீலமாக வந்துவிட்டது.

குசினி வாசலில் ஜெசிந்தா நின்று எட்டிப் பார்த்தாள். அவளுடைய பார்வை என்மேல் பட்ட அந்த நிமிசத்தில் நான் கொம்பியூட்டரைக் கண்டுபிடித்தவனாகவே மாறிவிட்டேன்.

"கெட்டிக்காரன்தான்" என்றார் சவிரி ஐயா. றெஜி அண்ணையும் தலையை ஆட்டி, "ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சொந்தக்காரர் எல்லாரும் வருவினம். நீரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும். அண்டைக்கே மற்ற விசயத்தையும் கதைச்சு முடிப்பம்" என்றார். மற்ற விசயம் என்றால் எங்கள் கலியாணம்.

சவிரி ஐயா அன்றிலிருந்து முழுநேரக் கப்டன் ஆகிவிட்டார். கப்பலை வெளிக்கிடுத்த முன் சிலுவை போட்டுக்கொள்வார். பாயை ஏற்ற முன் எழும்பிப் போய், எங்கள் கரையில் காற்று எந்தப் பக்கம் என்று யன்னலால் பார்ப்பார். (ஜெர்மனிக் கடலுக்கும் அதே காற்றுத்தான் என்று அவருக்கு நம்பிக்கை.) போவதும் எந்த நேரமும் வடக்கே. "எங்கட கரையில இருந்து வடக்க போனால் இந்தியாதான். எப்பிடியும் கரை வரும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. றெஜி அண்ணை விருந்துக்குச் சாமான் வாங்க ரவுணுக்குப் போயிருந்தார். மத்தியானம் சவிரி ஐயாவே எங்கள் படலையில் வந்து நின்றார்.

"தம்பி, கடல் அழிஞ்சு போச்சு. கெதியா வா."

"ஐயா, இண்டைக்கு ஞாயிறெல்லோ. நீங்கள் தொழிலுக்குப் போறேல்லையே."

"கடலில இறங்கேல்லையப்பா. நேற்று விட்ட இடத்தில கப்பல் நிக்குதோ எண்டு பாக்கத்தான் திறந்தனான்."

போய்ப் பார்த்தேன். கடல் நீலமாகத்தான் இருந்தது, ஆனால் பாதி வரைக்கும்தான். அதற்கு மேலே கட்டி கட்டியாக, விளிம்பு உடைந்த வெள்ளை. கப்பல் அந்த வெள்ளைக்குள் மூக்கை நுழைத்தபடி நின்றது. எந்தப் பொத்தானை அமத்தினாலும் நகரவில்லை.

"முந்திச் சிவப்பா வந்தது. இப்ப வெள்ளையா வந்திருக்கு. அதே வருத்தம்தான் ஐயா, கொஞ்சம் முத்தியிருக்கு" என்றேன்.

"உப்புக் காத்துப் பிடிச்சிருக்கும். எஞ்சினுக்கு நான் மண்ணெண்ணெய்ச் சீலையால துடைக்கிறனான். கொண்டரட்டே?"

"ஐயா, இது படிச்ச ஆக்களின்ர வேலை" என்றேன். (மண்ணெண்ணெயால் துடைத்திருந்தால் சேதம் குறைவாக இருந்திருக்கும்.)

முதலில் 256 நிறத்தை எடுத்துவிட்டேன். வெள்ளை போகவில்லை. திரும்பப் போட்டேன். திரையின் அளவை மாற்றினேன். எழுத்தெல்லாம் தேங்காய் அளவுக்குப் பெருத்தது, வெள்ளையும் கூடவே பெருத்தது. தேடிப் போகையில் ஓரிடத்தில் இழுத்து அசைக்கக்கூடிய குமிழ் ஒன்று அகப்பட்டது. அது எதற்கென்று தெரியாது. தெரியாதபடியால் இடது கரைவரைக்கும் இழுத்துவிட்டேன். லப்டொப் மூச்சு வாங்கத் தொடங்கியது.

அப்போதுதான் மாஸ்டர் சொன்ன கடைசி மருந்து நினைவுக்கு வந்தது. ஒன்றுக்கும் சரிவராவிட்டால் படம் காட்டுகிற டிரைவரைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். கழற்றும் பாடத்தன்று நான் அதிசயமாக முன்வரிசையில் நின்றேன். திரும்பப் போடும் பாடத்தன்று பஸ் பிந்திவிட்டது.

கழற்றினேன். லப்டொப் நின்று, திரும்ப எழும்பியது. திரும்பப் போட ஒரு சிடி கேட்டது. அந்தச் சிடி ஜெர்மனியில் இருந்தது. திரையில் மொத்தம் பதினாறு நிறங்கள் மிஞ்சியிருந்தன. விளையாட்டுத் திறக்கவே மாட்டேன் என்றது.

சவிரி ஐயா குனிந்து பார்த்தார். "தம்பி, இப்ப முழுக் கடலும் போயிட்டுது."

"பின்னேரத்துக்கிடையில தானாய் வந்திடும் ஐயா" என்று சொல்லிவிட்டு மெல்ல நழுவினேன். எதுவும் தானாய் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குப் போகாவிட்டால் ஜெசிந்தாவும் எனக்குக் கிடைக்கமாட்டாள் என்பதும் தெரியும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு, தோய்த்த சேட்டொன்றைப் போட்டுப் போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

முற்றம் நிறையச் சொந்தக்காரர். றெஜி அண்ணை லப்டொப்பை மேசையில் வைத்து, "இப்ப என்ர மகளின்ர ஞானஸ்நான வீடியோ காட்டப் போறன்" என்றார். அவருடைய தாயார் முன் கதிரையில். பேத்தியை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

வீடியோ தொடங்கியது. ஊதா முகமும் பச்சை நெற்றியுமாக ஒரு பிள்ளை தத்தித் தத்தி அசைந்தது. குருவானவர் அதன் தலையில் கறுப்பாக எதையோ ஊற்றினார்.

"பிள்ளைக்கு என்னடா? குளிரில விறைச்சுப் போச்சோ?" என்றார் தாயார்.

றெஜி அண்ணை வீடியோவை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "ஆர் இதில கை வைச்சது?"

நான் எழும்பினேன். கால் தானாகவே எழும்பியது. "கிராபிக்ஸ் பிழை அண்ணை. விளையாட்டில கடல் வெள்ளையாய்ப் போச்சு. அதைத் திருத்தத்தான்..."

"வெள்ளையாயோ? கப்பல் எங்க நிண்டது?"

"வடக்க" என்றார் சவிரி ஐயா.

"எவ்வளவு வடக்க அப்பா?"

"நோர்வேயும் தாண்டி."

றெஜி அண்ணை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அப்பா, அது பிழையில்லை. அது ஐஸ். அங்க கடல் உறையும்."

"ஐஸ் லொறியிலயெல்லோ வாறது" என்றார் சவிரி ஐயா. "அவ்வளவு ஐஸை ஆர் கொண்டுபோய்க் கடலில கொட்டினது?"

முற்றம் வெடித்துச் சிரித்தது. "நாப்பது வருசம் கடலில நிண்டவனுக்கு ஐஸ் தெரியேல்லை" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "கப்டன், நாளைக்கு எங்களையும் வடக்க கூட்டிக்கொண்டு போமன்" என்று இன்னொரு குரல். சவிரி ஐயா கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அந்த மனுசன் அப்படித் தலை குனிந்து அதற்கு முன் நான் கண்டதில்லை.

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பான். நான் தொண்டையைச் செருமினேன்.

"றெஜி அண்ணை, ஐயா சொல்லுறது சரி. நல்ல தண்ணிதான் உறையும். கடல் உப்பு. உப்புத் தண்ணி உறைய ஏலாது. நான் சயன்ஸ் படிச்சனான்."

"தம்பி, உறைஞ்ச கடலுக்கு மேல நான் நடந்திருக்கிறன்."

"அது குளமாயிருக்கும் அண்ணை. நீங்கள் வடிவாய்ப் பாக்கேல்லை."

அதற்குப் பிறகு சவிரி ஐயாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கே கிடைத்தது. தாயார் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குசினிக்குள் ஏதோ சட்டி விழுந்து உருண்டது. ஜெசிந்தா சிரித்ததில் கை தவறியதாம். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் படலைவரை இழுத்துக்கொண்டு போனாள். "வலை தெரியாது, கொம்பியூட்டரும் தெரியாது. இனி உனக்கு ஆரிட்டையடா பெண் கேக்கிறது?" என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடியச் சவிரி ஐயா வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "பிள்ளைக்குச் சம்மதமாம். எனக்கும் ஓம்" என்றார். அவ்வளவுதான்.

றெஜி அண்ணை ஜெர்மனிக்குப் போய்ச் சிடியைப் போட்டு லப்டொப்பைத் திருத்திவிட்டார். அடுத்த முறை வரும்போது மகளையே கொண்டுவந்து தாயாரின் மடியில் வைத்தார். ஊதா நிறமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஐஸுக்கு இன்றைக்கும் பெயர் கிராபிக்ஸ்தான். சோடா கேட்டால், "கிராபிக்ஸ் போடவோ, போடாமலோ?" என்று கேட்பார்கள். மீனுக்கு ஐஸ் லொறி வந்து ஹோர்ன் அடித்தால், "மருமோன், உன்ர பிழை வந்திட்டுது, போய்த் திருத்து" என்று சவிரி ஐயா கூப்பிடுவார். நானும் போய் இறக்கிக் கொடுப்பேன். உப்புத் தண்ணீர் உறையும் என்பதை நாங்கள் இருவரும் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

கலியாணமாகிக் கொஞ்சக் காலம் போன பிறகு ஒருநாள் ஜெசிந்தாவிடம் கேட்டேன், அவ்வளவு கூத்துக்குப் பிறகும் ஏன் ஓமென்றாய் என்று. அப்பாவை நான் விட்டுக்கொடுக்காமல் நின்றதைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிந்துகொண்டிருந்த மீனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அப்பா தனி ஆளாய் அந்தச் சபையில மடையனாய் இருந்தவர். அவரை விடப் பெரிய மடையன் ஒருத்தன் எழும்பினான். ரெண்டு பேரும் ஒண்டாய் இருக்கட்டும் எண்டுதான் ஓமெண்டனான். கொம்பியூட்டருக்கெண்டால் வேற ஆளைப் பாத்திருப்பன்."