மூன்று அடி மெக்னீசியம்

இழவு வீட்டில் படித்தவன் வாயையும் கையையும் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அரசு விதிகளைக் கரைத்துக் குடித்த எனக்கு, அவற்றில் இல்லாத இந்த ஒரு விதி மட்டும் பட்டுத்தான் தெரிந்தது.

அறுபதுகளின் கடைசி. கல்லலில் தச்சு வேலை பார்த்த என் மாமனார் ஐப்பசி மழையில் இறந்துபோனார். ஆயுசில் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாத மனிதர்.

"மொகம் பாக்க ஒரு படமாச்சும் வேணும் மாப்பிள்ள" என்று மாமியார் அழுதார்.

காரைக்குடியிலிருந்து வந்த போட்டோக்காரரின் ஃபிளாஷ் வழியில் நனைந்து செத்திருந்தது. (அதற்கும் துக்கம் போலும்.) முற்றத்தில் மழை, வீட்டுக்குள் இருட்டு.

உள்ளூர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரான நான் எழுந்தேன். ஆய்வகத்துக்கு ஓடி, இருப்புப் பதிவேட்டில் 'மாணவர் செய்முறைக்கு' என்று எழுதிவிட்டு, எரித்தால் ஃபிளாஷ் போல வெளிச்சம் தரும் மெக்னீசியம் நாடா மூன்று அடியோடு திரும்பினேன். அத்தோடு விட்டேனா? பிணத்தின் தலைமாட்டில் நின்று பாடமும் எடுத்தேன்: மக்னீசியா என்பது பழைய கிரேக்க ஊர், இந்த நாடா, வயிறு இளகக் குடிக்கும் மெக்னீசியா, இரும்பை இழுக்கும் மேக்னெட், எல்லாம் அந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தவை.

"வெளிச்சமும் குடுத்து வயித்தையும் கழுவி விடுறாகளா? நல்ல ஊருதான்" என்றார் மாமனாரின் அக்கா.

இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்தேன். சூரியன் கூடத்துக்குள் இறங்கியது போல் வெள்ளை ஒளி. பெண்கள் அலறினார்கள். நான் பதறி இடுக்கியை விட, அது மாமனாரின் கோடி வேட்டியில் விழுந்தது. அவருடைய ஒரே மகன், என் மைத்துனர், ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். தீ சீறி எழுந்தது. எரியும் மெக்னீசியத்துக்கு மணல்தான் போட வேண்டும், தண்ணீர் ஆகாது; முந்தின வாரம் கரும்பலகையில் நானே எழுதிப்போட்டது. வேட்டி முழங்கால்வரை கருகிய பிறகே அடங்கியது.

மைத்துனர் கேட்டார்: "சுடுகாட்டுல நான் வைக்கிற கொள்ளிய நடுவீட்டுல நீங்க வச்சுட்டீகளே மாப்ள!"

மூன்று வருடம் அவர் என்னோடு பேசவில்லை. தலைமையாசிரியர் பேசினார், மெமோ மூலம்.

நாடா எரிந்த அந்த வெளிச்சத்தில் போட்டோக்காரர் படம் எடுத்திருந்தார். படத்தில் ஓடுகிறவர்கள், அலறுகிறவர்கள் எல்லோரும் கலங்கல். பதறாமல், தெளிவாக இருந்தவர் மாமனார் ஒருவர்தான். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி மாட்டி, சாகும்வரை விளக்கேற்றினார் மாமியார்.

குடும்பத்தில் யார் இறந்தாலும் மைத்துனர் இன்றும் முதலில் சொல்வது: "மாப்ள பையில என்ன இருக்குன்னு பாருங்கப்பா." போன வருடம் என் மனைவி இறந்து கிடந்தபோதும் சொன்னார். நான் அழுதுகொண்டே சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினேன்.