சீக்வென்சரில் கண் பரிசோதனை

கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தப்பு கம்ப்யூட்டர் மேலேதான்.

பன்னிரண்டு வருஷமாக மனுஷர் பாட்டுப் போடுகிறார். பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் மாட்டுகிற வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பியதும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் இசையமைப்பு. இதுவரை பதினோரு பாட்டு ஆரம்பித்திருக்கிறார். முடித்தது எத்தனை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், உடைந்துபோவார். பதினொன்றும் ஜோராகக் கிளம்பி, அரை நிமிஷத்தில் போக்கிடம் தெரியாமல் நின்றுபோனவை. வயசு நாற்பத்தேழு ஆகிறது. ஒரே ஒரு பாட்டு, மூன்று நிமிஷம், தலையும் வாலுமாக முடிந்தது. சாவதற்குள் அது ஒன்று போதும் என்று அவர் நினைக்காத நாளே இல்லை.

ஏன் முடியவில்லை என்று யோசித்து யோசித்து, கடைசியில் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் என்றால் அதில் கடிதம் வருகிறது, செய்தி வருகிறது, யாரோ ஒருத்தர் பூனையைக் குளிப்பாட்டுகிறார். மனசு எங்கே நிற்கும்? இசைக்கென்றே பிறந்த ஒரு பெட்டி வேண்டும். அதற்குப் பேர் சீக்வென்சர்.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. எட்டு வரிசை, வரிசைக்குப் பதினாறு பட்டன், பட்டனுக்கு ஒரு விளக்கு, கலர் கலராக. எந்தச் சத்தம் எந்த இடத்தில் வரவேண்டுமோ அந்தப் பட்டனை அமுக்கிவிட்டால் போதும், அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருக்கும். விலை மூன்று மாதச் சம்பளம். வாங்கலாமா வேண்டாமா என்று நாற்பது பேர் பேசிய வீடியோவைப் பார்த்தார். இருபது பேர் வாங்கு என்றார்கள். இருபது பேர் வாங்காதே என்றார்கள். வாங்காதே என்ற இருபது பேரும் ஏற்கெனவே வாங்கி மடியில் வைத்திருந்தார்கள்.

இசைக்கருவிக் கடைக்காரர்தான் ஒரு வழி சொன்னார். பணத்தைக் கட்டி எடுத்துப் போங்கள், பதினாலு நாள் வைத்துப் பாருங்கள், ஒத்துவரவில்லை என்றால் பதினாலாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் கொண்டுவந்துவிடுங்கள், பணம் முழுசாகத் திரும்பிவிடும் என்றார். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினாலு நாள். அதற்குள் ஒரு பாட்டு முடிந்தால் பெட்டி காசுக்குத் தகும், இல்லாவிட்டால் தகாது. இதைவிட நியாயமான பரீட்சை உண்டா?

ஒரே ஒரு இடைஞ்சல், வீட்டம்மா. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டைம் டேபிள் போடுகிறவர். நாற்பத்திரண்டு டீச்சர்களை ஒருத்தர்மேல் ஒருத்தர் இடிக்காமல் கட்டத்துக்குள் உட்காரவைத்துவிடுவார். யாராவது சும்மா இருப்பதைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். இசை என்று சொல்லி இதற்குமுன் வீட்டுக்குள் வந்த கீபோர்டின்மேல் இப்போது இஸ்திரி போட்ட துணி அடுக்கியிருக்கிறது. சமையல்கட்டுக் குழாய் இரண்டு மாதமாகச் சொட்டுகிறது. இந்த நிலைமையில் மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வாசற்படி ஏறினால் எப்படி இருக்கும்?

"என்னங்க அது?" என்றார் வீட்டம்மா.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கீபோர்டின்மேல் இருந்த துணி கண்ணில் பட்டது.

"கடை மிஷின். கண் டெஸ்ட் பண்றது. ரிப்பேர் பார்க்கக் கொண்டுவந்தேன்."

"உங்களுக்கு ரிப்பேரெல்லாம் வருமா?"

"வராம என்ன. விளக்கு ஒழுங்கா எரியணும், அவ்வளவுதான்."

"எத்தனை நாள் இருக்கும்?"

"பதினாலு நாள்."

"நல்லதாப் போச்சு," என்றார் வீட்டம்மா. அந்த வார்த்தையைக் கேட்டபோதே நம்ம ஆள் உஷாராகியிருக்கவேண்டும். அதற்கெல்லாம் தனி மூளை வேண்டும்.

மறுநாள் ஆறு மணிக்குப் பெட்டியை மேஜையில் வைத்து, வயரைச் சொருகி, முதல் பட்டனில் விரலை வைத்தார். கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு டிரைவர் அண்ணன். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேப்பர் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரிகிறது, வீட்டிலேயே மிஷின் வந்திருக்கிறதாமே, உங்கள் வீட்டுத் தங்கச்சி சொன்னாள் என்று எதிரே உட்கார்ந்துவிட்டார்.

என்ன செய்வது? கண்ணாடிக்காரர் ஒரு பட்டனை எரியவிட்டு என்ன கலர் என்று கேட்டார். பச்சை என்றார் அண்ணன். பச்சைதான். மூன்றாவது வரிசையில் எத்தனை விளக்கு என்றார். ஐந்து. ஐந்தேதான். ஆனால் வந்த மனுஷரை ஏமாற்றி அனுப்ப மனசு வரவில்லை. பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அண்ணன் கையை நீட்டினார், இன்னும் நீட்டினார், கை தீர்ந்துபோனது. படிக்கிற கண்ணாடி வேண்டும், நாளைக்குக் கடைக்கு வந்து சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள் மணி எட்டு. பெட்டி ஒரு சத்தமும் போடாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் கண்ணாடி போட்டார். போட்டவர் சும்மா இருக்கக்கூடாதா? தெரு முழுக்கப் பேப்பரை வாசித்துக் காட்டினார். மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கட்டம் கட்டமாக, பேர் பேராக, ஆறு மணி, ஆறரை, ஏழு, ஏழரை. வீட்டம்மாவின் முத்துமுத்தான கையெழுத்து.

ஐந்தாம் நாள் வீட்டம்மாவின் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வந்தார். உட்காரும்போது முழங்கை பட்டு, பெட்டி டும் டக் டும் டக் என்று முழங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் அவசரமாக, காது டெஸ்டும் இதிலேயே உண்டு மேடம் என்றார். தலைமையாசிரியைக்கு மகா திருப்தி. ஆறாம் நாளிலிருந்து காது கேட்காதவர்களும் வரத் தொடங்கினார்கள். காதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அதற்கென்று இருக்கிற டாக்டரிடம் போகச் சொல்லித் தலைதலையாய் அடித்துக்கொண்டார். சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது, அதனால் தொண்டையும் போயிற்று. இதற்கு நடுவே கடை முதலாளி அவரைக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். இந்த வாரம் விற்பனை பிரமாதம், எல்லாம் நீங்கள் அனுப்பிய ஆட்கள், உங்களுக்குள் இவ்வளவு திறமையா என்றார். பன்னிரண்டு வருஷத்தில் முதன்முதலாக ஒருத்தர் பாராட்டுகிறார், அதுவும் இதற்கு. கண்ணாடிக்காரர் பின்னறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்தாம் நாள் கட்டம் காலியாக இருந்தது. அவரே நம்பவில்லை, இரண்டு தடவை பார்த்தார். இன்றைக்கு யாரும் இல்லை, உங்கள் ரிப்பேரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டம்மா சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

கதவைச் சாத்தினார். கீழ் வரிசையில் நான்கு தாளத் தட்டு, அதற்கு மேலே ஒரு மணிச்சத்தம், அதற்கும் மேலே எட்டே சுரத்தில் ஒரு மெட்டு. அமுக்கினார். அடடா. இதுதான், இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். திரும்பக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். சரி, அடுத்தது என்ன? அடுத்தது தெரியவில்லை. மணியை மாற்றினார், தட்டை மாற்றினார், விளக்கின் கலரைக்கூட மாற்றிப் பார்த்தார். எட்டு மணிக்கும் அதே எட்டு சுரம். பதினோரு பாட்டு பன்னிரண்டாகியிருந்தது, அவ்வளவுதான். பெட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். ஏழெட்டு விளக்கு ஒன்றாக எரிந்தது. தப்பு கம்ப்யூட்டர் மேலே இல்லையோ என்று முதல் தடவையாகப் பயம் வந்தது. அந்தப் பயத்தை அவருக்குத் தாங்கத் தெரியவில்லை.

பதினாலாம் நாள் சனிக்கிழமை, அவருக்கு அரை நாள் வேலை. நாலரை மணிக்குக் கண்ணாடிக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார். ஒரு நாளில் எந்தப் பெட்டியை எடைபோட முடியும்? மற்ற நாளையெல்லாம் கண்ணும் காதும் தின்றுவிட்டன. திருப்பித் தரப்போவதில்லை. கண்ணாடிக் கடையிலேயே மிஷினை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு பொய்யையும் தயார் செய்துகொண்டு எழுந்தார். எதிரே வீட்டம்மா நின்றார். கையில் அட்டைப்பெட்டி. உள்ளே சீக்வென்சர், துடைத்து, வயர் சுற்றி, டேப் ஒட்டி.

"ஆறு மணிக்குள்ள குடுக்கணுமாமே. பில்லுல போட்டிருக்கு."

"எந்த பில்லு?"

"முதல் நாள் துவைக்கப் போட்டீங்களே, அந்தச் சட்டைப் பையில இருந்தது."

கண்ணாடிக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "தெரிஞ்சுகிட்டேதான் தினமும் ஆள் கூட்டிட்டு வந்தியா?"

"கண் மிஷின்னு நீங்க சொன்னீங்க. கண்ணு தெரியாதவங்களைக் கூட்டிட்டு வந்தேன். பாட்டுப் பெட்டின்னு சொல்லியிருந்தா பதினாலு நாளும் கதவைச் சாத்தி, டீயும் போட்டுக் கொடுத்திருப்பேன்."

"எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு நாள். ஒரு நாள்ல யாரால முடிக்க முடியும்?"

"அந்த ஒரு நாளும் தானா கிடைக்கலைங்க. பெட்டி தகுமா தகாதான்னு பார்க்கத்தான் நான் காலியா விட்டேன். சமையல்கட்டுல உட்கார்ந்து ரெண்டு மணி நேரமும் கேட்டேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆரம்பம் நல்லாத்தான் இருந்தது."

கண்ணாடிக்காரர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைக்காரர் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டார். கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

திரும்பி வரும் வழியில் மனசுக்கு லேசாகத் தெம்பு வந்தது. பெட்டி போனால் போகட்டும். இனிமேல் கண் மிஷினும் கிடையாது, அதனால் கண் பார்க்க ஆளும் கிடையாது, சாயங்காலம் முழுக்க அவருடையது. அந்த எட்டு சுரம் ஞாபகத்தில் இருக்கிறது. ஒன்பதாவது என்னவென்று இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று படியேறினார்.

சின்ன அறையில் விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் அலமாரிமேல் ஏறியிருந்தது. அது இருந்த இடத்தில் சுவரில், பெரிசிலிருந்து சிறிசாக எழுத்துப் போட்ட கண் பரிசோதனைப் பலகை. கடை முதலாளி சந்தோஷப்பட்டு இலவசமாகக் கொடுத்தனுப்பினாராம். எதிரே ஐந்து நாற்காலி, ஐந்திலும் ஆள். டிரைவர் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பெட்டியைவிட இது தெளிவாக இருக்கிறது என்றார்.

ஃபிரிட்ஜ் கதவில் அடுத்த மாதத்துத் தாள் வந்துவிட்டது. எல்லாக் கட்டத்திலும் பேர். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும் யார் பேரும் இல்லை, பென்சிலால் சின்னதாக என்னவோ எழுதியிருந்தது. பாட்டுக்கு ஒதுக்கிய நாளோ என்று கண்ணாடிக்காரருக்கு ஒரு ஆசை. கிட்டே போய்ப் படித்தார்.

'குழாய் ரிப்பேர்.'