மாமாவின் மூச்சும் நான் மாற்றிய டப்பாவும்

என் அண்ணன் பெற்ற செல்லத்துக்கு, அத்தை ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. சாமி புண்ணியத்தில் நான் நலம். மாமாவும் நலம் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் சாமி பேரை எழுதின கையோடு பொய் எழுதினா நல்லாவா இருக்கும்?

மாமாவோட ஆஸ்துமாதான் உனக்குத் தெரியுமே. மூணு மாடி ஏறுறதுக்குள்ள நெஞ்சு குக்கர் மாதிரி விசில் அடிக்கும். இத்தனை வருஷமா அந்த விலை ஒசந்த கம்பெனி இன்ஹேலர்தான். இப்ப அது விக்கிற விலைக்கு, அவர் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் எனக்குத்தான் மூச்சு முட்டுது. டாக்டரம்மாவே, "அதே மருந்து பெரிய பேரு இல்லாம மலிவா வருதும்மா, அதையே வாங்குங்க"ன்னாங்க. வாங்கிட்டு வந்தா, மனுஷர் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு, "இதுல வெறும் காத்துதான்டி வருது. என் உசிரு உனக்கு அவ்வளவு மலிவாப் போச்சா?"ன்னு கேட்டார். எனக்கு வந்த கோவத்துல, அவர் குளிக்கப் போன நேரமாப் பாத்து மலிவை எடுத்து விலை ஒசந்த டப்பாவுக்குள்ள போட்டுட்டேன். ரெண்டும் ஒரே நீலம். கண்ணாடி போடலைன்னா அவருக்கு என் மூஞ்சியே அடையாளம் தெரியாது, இது எங்க தெரியப்போவுது? சாயங்காலம் இழுத்தார் பாரு, கண்ணை மூடிக்கிட்டு, "ஆகா! இதுதான்டி மருந்து. நெஞ்சு அப்படியே கதவு மாதிரி தொறக்குது!" நான் நேரா சாமி படத்துக்கிட்ட போயி, "பொய் சொன்னது டப்பாதான் சாமி, நான் வாயே தொறக்கலை"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

எட்டு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப அந்த மலிவு சரக்கு எந்தக் கடையிலயும் இல்ல. நம்ம தெரு மூலை மருந்துக்கடைக்காரர் மூணு வாரமா, "நாளைக்கு வந்துரும்க்கா"ங்கறார். பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசல் கடைக்குப் போனா, "அதை வித்து எங்களுக்கு என்னம்மா நிக்குது? ஒசந்தது இருக்கு, தரட்டுமா?"ங்கறாங்க. நம்மகிட்ட இருக்கறதைக் குலுக்கிப் பாத்தா தீரப்போற மாதிரி இருக்கு. விளையாட்டா எழுதறேனே தவிர, அவர் மூச்சுதான்டி என் மூச்சும். உன் ஆபீசுக்குக் கீழயே பெரிய மருந்துக்கடை இருக்குன்னியே, டாக்டரம்மா சீட்டை இதுக்குள்ள வச்சிருக்கேன், மலிவுல ரெண்டு வாங்கி அனுப்பு. மாமாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத.

நீயும் மாப்பிள்ளையும் எத்தனை மாடி ஏறினாலும் இளைக்காம நூறு வயசு இருக்கணும்னு வேண்டிக்கிற,
அத்தை.

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள இன்ஹேலர் தீந்துபோச்சு. அவர் மூச்சுக்குத் திணறறதைப் பாத்ததும், விலையாவது ஒண்ணாவதுன்னு மூலைக்கடைக்கு ஓடிப்போயி நெசமான ஒசந்ததையே வாங்கியாந்து குடுத்தேன். மூச்சு நல்லா ஆயிடுச்சு. ஆன கையோட என்ன சொன்னார் தெரியுமா? "கடைக்காரன் ஏமாத்திட்டான்டி, இது டூப்ளிகேட்டு. நம்ம பழைய சரக்கோட வேகமே இதுல இல்ல!" டப்பாவும் கையுமா மூலைக்கடைக்குச் சண்டைக்குக் கெளம்பிட்டார். நான் எட்டு மாசமா என்ன வாங்கினேன்னு அந்தக் கடைக்காரர் வாயிலேருந்தே இந்நேரம் தெரிஞ்சிருக்கும். இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ரெண்டு பத்தாது, ஆறா அனுப்பு. அவர் திரும்பி வர்றதுக்குள்ள நான் கோயிலுக்குப் போறேன். அங்க வச்சுத் திட்டமாட்டார்.