லாபிஸ் ரயிலும் பிரியாணியும்

பெர்மாஸ் ஜெயா மண்டபத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. மனோகரனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவர் எழுதிய ‘லாபிஸ் ரயில்’ இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்து வாசிக்கிற இசை. மூன்று பாகம் லாபிஸ் ஊர் ஸ்டேஷனில் காத்திருப்பது. நான்காவதில் ரயில் வரும். மைக்கில் அதை விளக்கிவிட்டுத்தான் முன்வரிசையில் உட்கார்ந்தார். போன தடவை வாசித்தபோது இடைவேளையோடு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ரயில் வந்தபோது ஏற ஆளில்லை.

இன்றைக்குச் சிங்கப்பூர் இசைவிழாவிலிருந்து அல்ஃபியா வந்திருந்தார்.

“ஜனங்க கடைசிவரைக்கும் உக்காந்து கேட்டாங்கன்னா எங்க மேடை உங்களுக்குத்தான்” என்று சொல்லியிருந்தார்.

அதனால்தான் வாட்ஸ்அப் அழைப்பில் மனோகரன் ஒரு வரி சேர்த்தார்: கச்சேரி முடிந்ததும் நாசர் கடை பிரியாணி.

முதல் பாகத்தில் நீளமாக ஒரு மௌனம் வரும். வந்தது. சபை படபடவென்று கைதட்டியது.

“முடிஞ்சிருச்சுன்னு நெனச்சிட்டாங்க சார்!” என்று கிசுகிசுத்தாள் முதல் வயலின் லோஷினி.

மனோகரன் எழுந்து, “நடுவுல யாரும் சத்தம் போடாதீங்க, ப்ளீஸ்” என்று கும்பிட்டார்.

அடுத்த மௌனத்தில் அவருடைய போனே அலறியது. நாசர்! ‘பிரியாணியை இறக்கவான்னு கேக்கத்தான் இருக்கும்’ என்று போனை அணைத்துவிட்டார்.

இரண்டாம் பாகத்தில் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, வரிசை வரிசையாக முன்னால் வந்தது. எல்லாத் தலைகளும் ஒருதரம் பின்வாசலைப் பார்த்துத் திரும்பின.

முன்வரிசைப் பேச்சியம்மாள், கோயில் மாதர் சங்கத்தையே பஸ் பிடித்துக் கூட்டிவந்தவர், மெல்லக் கேட்டார். “இன்னும் நெறைய இருக்கா தம்பி?”

பசி வந்துவிட்டது. மனோகரன் மேடையோரம் போய், “வேகமா வாசிங்க!” என்றார்.

மூன்றாம் பாகம் மூச்சிரைக்க ஓடி முடிந்தது. பேச்சியம்மாள் இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டார். இவர் எழுந்தால் சங்கமே எழுந்துவிடும்.

“போதும். இதோட முடிச்சிருவோம்” என்றார் மனோகரன்.

“அலமாக்! ரயில் இல்லாமயா?” என்று பதறினாள் லோஷினி.

“வயித்துக்கு முன்னால ரயிலாவது ஒண்ணாவது லா. கும்பிடு போடும்மா.”

நால்வரும் கும்பிட்டார்கள். யாரும் எழவில்லை. யாரும் கைதட்டவுமில்லை.

அல்ஃபியா ஓடிவந்தார். “ஒருத்தர்கூட அசையல பாருங்க! சிங்கப்பூர்லகூட நான் இப்படிப் பாத்ததில்ல.”

சரியென்று தலையாட்டியிருக்கலாம். மனோகரனுக்குப் பொய் வரவில்லை.

“அது எனக்கில்லம்மா, பிரியாணிக்கு. சாப்பாடு இருக்குன்னு சொல்லித்தான் கூப்பிட்டேன்.”

அல்ஃபியாவின் முகம் சுருங்கியது. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மனோகரன் மைக்கைப் பிடித்தார். “கொஞ்சம் பொறுத்துக்குங்க. பிரியாணி இப்ப வந்துரும்.”

பேச்சியம்மாள் நாற்காலியை விட்டு எழாமலே குரல் கொடுத்தார்.

“பிரியாணி வண்டி வழியிலயே நின்னுபோச்சுன்னு ரெண்டாவது பாகத்துலயே எங்களுக்குச் சேதி வந்திருச்சு தம்பி, ரயில் எங்க?”