முசுடன் இல்லாத சனிக்கிழமை

கடைசி பஸ்ஸைக் காணோம்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நம்மள விட்டுட்டுப் போயிருக்கா?" என்று வாத்தியார் காலிப் பஸ் நிலையத்தைப் பார்த்து அதட்டினார். அவர், தையல்காரர், குண்டன் மூன்று பேருக்கும் வீடு நகரத்தின் அடுத்த கோடியில்.

அன்று மாலைதான் முசுடனை அடக்கம் செய்திருந்தார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே அவனுடைய சலூன், அதற்கு மேலே ஒரே அறை, அதில் அவன் ஒண்டிக்கட்டை. சனிக்கிழமை தவறாமல் நான்கு பேரும் அங்கே சீட்டாடுவார்கள். இன்று சீட்டைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கே கிளம்பினார்கள். முசுடனின் தம்பி கதவைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டான்.

"நீ ஏன்யா அழவே இல்ல?" என்றான் குண்டன் தையல்காரரிடம். அவனுக்கு அழுதழுது முகம் வீங்கியிருந்தது. கல்யாண வீட்டிலேயே அழுகிற ஆள்.

"வரலடா."

அதுதான் தையல்காரரை அரித்தது. முசுடன் ஒரு நாளும் "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க" என்று சொன்னதில்லை. ஜெயிக்கிற சீட்டு கையில் இருந்தாலும் பிடுங்கி வைத்து, "போதும், எழுந்திருங்க" என்று விரட்டுவான். அவனுக்கு நாம் நண்பர்களா, ஆட்டத்துக்கு ஆள் குறைந்ததால் கூப்பிட்டவர்களா? போனவனிடம் இனிக் கேட்கவும் முடியாது.

ஒரு டாக்சி கிடைத்தது. வாத்தியார் சும்மா இருந்திருக்கலாம்.

"தம்பி, பாலத்து மேல ஏறாத. இடது பக்கம் திரும்பு, சுருக்கு வழி."

சுருக்கு வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சக்கரம் பள்ளத்தில் இறங்கியது.

"இறங்கித் தள்ளுங்க சார்," என்றான் டாக்சிக்காரன்.

மூன்று பேரும் மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். சக்கரம் சேற்றையெல்லாம் தையல்காரரின் சட்டைமேல் வாரி இறைத்துவிட்டு மேலே ஏறியது. ஏறிய டாக்சி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"நம்மள ஏத்தாமப் போறான்டா!" என்று கத்தினான் குண்டன்.

"தள்ளினது நாமதானே," என்றார் வாத்தியார் பரிதாபமாக.

"வாத்தியாரே, இனிமே நீ வாயைத் திறக்காத. என் பின்னாடி வாங்க," என்று குண்டன் ஒரு சந்துக்குள் புகுந்தான். உள்ளே ஒரு நாய் இருந்தது. அதற்குப் பிறகு குண்டனும் வழி காட்டவில்லை. நாய் துரத்திய பக்கமெல்லாம் ஓடினார்கள். அவனுடைய ஒரு செருப்பு அதன் வாயோடு போயிற்று.

பெயர் தெரியாத தெருக்களில் நடந்து நடந்து கால் ஓய்ந்தபோது வானம் வெளுத்திருந்தது. எதிரே ஒரு கடையின் இரும்புக் கதவு, பூட்டோடு.

"இது... முசுடன் கடை இல்ல?" என்றான் குண்டன் மெதுவாக.

மூவரும் படியில் சரிந்து உட்கார்ந்தார்கள்.

"இருந்தப்பவும் ராத்திரி தங்கச் சொன்னதில்ல. இப்பவும் வெளியிலதான் உக்கார வச்சிருக்கான்," என்றார் தையல்காரர். செத்தவன்மேல் கோபப்படுவது அவருக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் கோபம் வந்தது, அழுகை வரவில்லை.

எதிரே முதல் பஸ் வந்து நின்றது. இறங்கியவர் கடைசி பஸ்ஸில் போகிற அதே கண்டக்டர். ராத்திரி அந்தக் கோடியில் தங்கிவிட்டு விடிந்ததும் திரும்பி வருகிற வண்டி அது. குண்டன் ஒற்றைச் செருப்போடு பாய்ந்தான்.

"ஏன்யா, நேத்துப் பாத்தா வண்டியச் சீக்கிரமா எடுப்பீங்க? எங்க நண்பனைப் புதைச்சுட்டு நடுத்தெருவுல நின்னோம்யா!"

கண்டக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தையல்காரரிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"நேத்துதான் சார் சரியான நேரத்துக்கு எடுத்தோம், சனிக்கிழமையானா நீங்க இறங்கி வர்ற வரைக்கும் அரை மணி நேரம் வண்டியைப் பிடிச்சு வைக்கணும்னுதான், அவரு எனக்கும் டிரைவருக்கும் இத்தனை வருஷமா காசு வாங்காம முடி வெட்டி விட்டாரு."