துறையூர் சம்பந்தமும் இன்கிரிமெண்ட்டும்

ஸ்ரீரங்கம், அடையவளஞ்சான் தெரு
பவ வருஷம், ஆனி மாதம்

மகா கனம் பொருந்திய தஞ்சாவூர் அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் அழகர்சாமி தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. ரங்கநாதன் கிருபையால் இவ்விடம் எல்லாரும் சௌக்கியம், என்னைத் தவிர. அவ்விடம் தாங்களும் அக்காவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நம் சிங்காரத்துக்குத் தாங்கள் பார்த்துக் கொடுத்த துறையூர் சம்பந்தம் முறியப் போகிறது என்பதையும், முறிக்கப் போகிறவன் அவன் தகப்பனாகிய நான்தான் என்பதையும், அதற்குக் காரணம் தாங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஓர் இங்கிலீஷ் வார்த்தை என்பதையும் மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பையனுக்குக் கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரன் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தபோது, சம்பளம் முப்பது ரூபாய் என்று கேட்டு நான் முகம் சுளித்தேன். தாங்கள்தான் ஆர்டரை வாங்கிப் படித்துவிட்டு, முப்பதைப் பார்க்காதே, இன்கிரிமெண்ட் போட்டிருக்கிறான் பார் என்றீர்கள். வருஷம் திரும்பினால் கேட்காமலே சம்பளம் ஏறுவதற்கு அப்படிப் பெயர் என்றீர்கள். கேட்காமலே என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னக்கடைத் தெரு ஜவுளிக்கடையில் நான் உழைத்த காலமெல்லாம், சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடுதலாக வேண்டுமென்றால் முதலாளி வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாளே போய் வாழைமரம் கட்டி, பந்தி விசாரித்து, எல்லாரும் எழுந்த பிறகு மிச்சம் மீதியைச் சாப்பிட்டு, மறுநாள் கல்லாவுக்கு எதிரே தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். அவரோ, அரித்தால் தலைக்கு வேப்பெண்ணெய் தேய் என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அந்த வார்த்தை வாயில் ஏறியதிலிருந்து என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கொள்ளிடத்தில் குளிக்கிறவர்களிடம் சொன்னேன், சவரத்துக்கு வருகிறவரிடம் சொன்னேன், கோவிலில் பிரசாதம் வாங்க நிற்கிற வரிசையில் முன்னாலும் பின்னாலும் சொன்னேன். பால்காரி மாரியாயி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, அடுத்த முதல் தேதியன்று, "உங்க மகனுக்குக் கேக்காமக் குடுக்குறாங்கல்ல, எனக்கும் அப்படியே குடுத்துருங்க. கேக்குறதுக்குக் கூச்சமா இருக்குங்க" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

துறையூருக்குப் பஸ்ஸில் போய்ப் பெண் பார்த்தோம். பெண் வெள்ளையம்மாள் லட்சணமாகத்தான் இருக்கிறது. அது கொண்டுவந்து வைத்த காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தார்கள். நம் பையன் அதைக் கவனிக்காமல் ரசித்துக் குடித்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்ணின் தகப்பனார் அம்மாசியைத் தாங்கள் அறிவீர்கள், கிணற்றுப் பாசனத்தில் வெங்காயம் போட்டுப் பணம் பார்த்த மனிதர். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்டார். தங்கள் யோசனைப்படியே முப்பதை மெல்ல விழுங்கிவிட்டு இன்கிரிமெண்ட்டை எடுத்து வைத்தேன். வருஷத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் ஏறி, பையன் தலை நரைக்கிற காலத்தில் எழுபது ரூபாயில் நிற்பான், ஆகையால் சீரையும் எழுபது ரூபாய் மாப்பிள்ளைக்குச் செய்கிற கணக்கில் இருபது பவுன், வெள்ளிப் பாத்திரம், ஒரு சைக்கிள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். பேசிய அழகில் எனக்கே திருப்தியாக இருந்தது. கூட வந்த என் சம்சாரம் செங்கமலம் மட்டும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாசி வாயிலிருந்த வெற்றிலையை நிதானமாக மென்று முடித்தார். பிறகு, "நல்ல ஏற்பாடுங்க. கம்பெனிக்காரன் செய்யிற மாதிரியே நாமளும் செஞ்சுருவோம். இந்த வருஷம் ஒரு பவுன். அப்புறம் வருஷா வருஷம் ஒண்ணு. நீங்க கேக்கவே வேணாம்" என்றார்.

அத்தோடு விட்டாரா? சும்மாவே ஏறிவிடுமா தம்பி என்று சிங்காரத்தைக் கேட்டார். கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்கிற கெட்ட பழக்கம் அவனுக்குக் கம்பெனியில் வந்திருக்கிறது. இல்லை, வருஷக் கடைசியில் மேலதிகாரி 'வேலை திருப்தி' என்று எழுதினால்தான் ஏறும் என்று சொல்லிவிட்டான். தாங்கள் எனக்குச் சொன்ன அர்த்தத்தில் இந்தப் பகுதி இல்லவே இல்லை, அத்தான். அம்மாசிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதாங்க முறை. வருஷம் ஒரு தடவை நான் வந்து எம்பொண்ணைத் தனியாக் கூப்புட்டு விசாரிப்பேன். திருப்தின்னு அது சொல்லிச்சுன்னா பவுன் வரும்" என்றார். அதாவது, பிள்ளையைப் பெற்ற நான், என் வீட்டிலேயே, என் மருமகளுக்குக் கீழே உத்தியோகம் பார்க்க வேண்டும். நம் வம்சத்தில் இப்படி எங்கேயாவது உண்டா? அந்த நிமிஷமே எழுந்துவிட்டேன். திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் மத்தியானச் சாப்பாட்டை அவர்கள் வீட்டிலேயே கோபத்துடன் சாப்பிட்டேன்.

வந்ததிலிருந்து பையன் ஆபீசுக்குப் போகிறான், வருகிறான், இலையில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. வேறு பெண் பார்க்கட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். "எனக்கு அந்தப் பொண்ணு போதும்ப்பா. பவுனுதான் வேணும்னா நீங்க வேற எங்கயாவது பாருங்க" என்றான். என்னை எதிர்த்து அவன் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் நான் இறங்கி வருகிறவனா? தாங்கள் உடனே துறையூர் போய், இருபது பவுனும் முகூர்த்தத்துக்கு முன்பே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று என் பெயரால் அடித்துச் சொல்லிவிட்டு வரவும். இது என் முடிவான முடிவு.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ரங்கநாதன் தீர்க்காயுசையும் நிறைந்த படிப்பையும், இங்கிலீஷை மட்டும் அளவோடும் கொடுத்து ரட்சிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மீது கோபமும் மரியாதையும் குறையாத
அழகர்சாமி

பி.கு.: இதை உறையில் போடுகிற சமயத்தில் செங்கமலம் வந்து, துறையூருக்குச் சம்மதம் சொல்லி முந்தாநாளே ஆள் அனுப்பிவிட்டதாகவும், ஆவணியில் முகூர்த்தம் வைத்திருப்பதாக அம்மாசியிடமிருந்து பதிலும் வந்துவிட்டதாகவும் சொன்னாள். என்னைக் கேட்காமல் எப்படிச் செய்யலாம் என்று கத்தினேன். அவள் நிதானமாக, "எங்கப்பாவும் வருஷம் ஒரு தடவை வந்து என்னைக் கேட்டிருக்கலாம்" என்றாள். அவர் வந்து கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவு தேறியிருக்கும் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒரு பவுன்கூடத் தேறவில்லை. ஆகையால் தாங்கள் துறையூர் போக வேண்டாம். அக்காவை அழைத்துக்கொண்டு நேரே கல்யாணத்துக்கு வந்து சேரவும். புறப்படுவதற்கு முன் தாங்களும் அக்காவை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவும்.